கீழ்த்தாடையில் மிஞ்சிய இரண்டு பற்கள்: எடுத்துவிடலாமா, அதன்மேலேயே பல் செட் போடலாமா?

அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரை நோய் உண்டு, மேல்தாடையில் சில வருடங்களாக முழுப் பல் செட், கீழ்த்தாடையில் இரண்டு கோரைப்பற்கள் மட்டும் மீதி என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மருத்துவர் அந்த இரண்டையும் எடுத்துவிட்டு இரண்டு இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைத்து அதன்மேல் மாட்டும் பல் செட் செய்யலாம் என்கிறார். இன்னொருவர் வேரை மட்டும் விட்டுவைத்து அதன்மேல் செட் போடலாம் என்கிறார். எது நல்லது, எத்தனை வருடம் வரும், எப்படிப் பராமரிப்பது என்று கேட்கிறீர்கள். கேள்வியைப் படித்தால் உங்களை உறுத்துவது வேறு என்று தோன்றுகிறது. தனியாக எதையும் மெல்ல முடியாத இரண்டு பற்களைக் காப்பாற்றி என்ன ஆகப் போகிறது, அதுதானே? நிறைய ஆகும். ஆனால் அந்த இரண்டு இடத்தையும் தினமும் யார் சுத்தம் செய்யப் போகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் ஆகும். நான் செயற்கைப்பல் பிரிவில் பல வருடங்களாக வேலை செய்யும் பல் மருத்துவர். அப்பாவின் வாயையும் எக்ஸ்ரேயையும் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கீழ்த்தாடை ஏன் இவ்வளவு தொல்லை கொடுக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேல் செட்டுக்கு அண்ணம் முழுவதும் பரந்த இடம் கிடைக்கிறது. அண்ணத்துக்கும் செட்டுக்கும் நடுவில் உமிழ்நீர் மெல்லிய படலமாகப் பரவி, விளிம்புகள் காற்றுப் புகாமல் அடைத்துக்கொள்வதால் செட் ஒட்டி நிற்கிறது. கீழே அந்த வசதி கிடையாது. நடுவில் நாக்கு இருக்கிறது. அதைச் சுற்றி வளைந்து போகும் குறுகலான எலும்பு மேடு மட்டும்தான் செட்டுக்கு ஆதாரம். பேசும்போதும் விழுங்கும்போதும் ஒரு பக்கம் நாக்கும் மறுபக்கம் கன்னமும் செட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். மேல் செட்டைப் பற்றி ஒரு குறையும் சொல்லாதவர்கள்கூட கீழ் செட்டைக் கழற்றி டப்பாவில் போட்டு வைத்துவிடுவது இதனால்தான். அவர்களைப் பொறுமையில்லாதவர்கள் என்று வீட்டார் திட்டுவது நியாயமே இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம் எலும்பு. பல்லைத் தாங்குவதற்கென்றே இருக்கும் எலும்பு, பல் போனதும் கரையத் தொடங்கும். முதல் வருடம் வேகமாகக் கரையும், பிறகு மெதுவாக, ஆனால் நிற்காமல். முழுப் பல் செட் போட்டவர்களை 25 ஆண்டுகள்வரை பின்தொடர்ந்து 1972-ல் வெளியான ஒரு ஆய்வில், மேல்தாடையோடு ஒப்பிட்டால் கீழ்த்தாடையின் முன்பகுதி ஏறக்குறைய 4 மடங்கு கரைந்திருந்தது. 1978-ல் வெளியான இன்னொரு ஆய்வு உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறது. கீழ்க் கோரைப்பற்களின் வேரை விட்டுவைத்து மேலே செட் போட்டவர்களுக்கு 5 ஆண்டுகளில் கீழ்த்தாடை முன்பகுதியில் குறைந்த எலும்பு உயரம் சராசரியாக 0.6 மில்லிமீட்டர். எல்லாப் பற்களையும் எடுத்துவிட்டு சாதாரண செட் போட்டவர்களுக்கு 5.2 மில்லிமீட்டர். சிறிய ஆய்வுதான், அந்த எண்களை எல்லோருக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் வேரை விட்டுவைத்தால் அதைச் சுற்றியுள்ள எலும்பு நிற்கும் என்பதில் எங்கள் துறையில் கருத்து வேறுபாடு இல்லை.

ஓவர்டென்சர் என்பது இதுதான். கீழே ஏதோ ஒன்று, வேரோ இம்ப்ளான்டோ, செட்டைத் தாங்கிப் பிடிக்க, மேலே கழற்றி மாட்டும் பல் செட். வேரை வைத்துச் செய்வதென்றால் முதலில் அந்தப் பல்லுக்கு ரூட் கெனால் சிகிச்சை செய்வார்கள். பிறகு பல்லை ஈறுக்கு மேல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் தெரியும்படி குட்டையாக வெட்டி, உருண்டையாக வழவழப்பாக்கி, துளையை அடைப்பார்கள், அல்லது உலோகத் தொப்பி போடுவார்கள். பார்த்தால் பல்லை வீணாக்கியதுபோல் இருக்கும். ஆனால் பல் குட்டையானதும் பக்கவாட்டு விசை அதன்மேல் விழுவது வெகுவாகக் குறைகிறது. ஓரளவு ஆட்டம் இருந்த பல்கூட அதன்பிறகு இறுகி நிற்பது உண்டு. இன்னொரு லாபம், வேரைச் சுற்றியுள்ள தசைநார் அப்படியே இருக்கிறது. எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம், வாயில் இருப்பது கல்லா பருப்பா என்று மூளைக்குச் சொல்வது அந்தத் தசைநார்தான். இம்ப்ளான்டில் அது கிடையாது.

ஒரு விஷயத்தைப் பலரும் சரியாகச் சொல்லிவிடுவதில்லை, அதனால் பிறகு ஏமாற்றம் வருகிறது. வெறுமனே உருண்டையாக்கி அடைத்த வேர், செட்டைத் தாங்கும், பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கும், ஆனால் மேலே தூக்கும்போது இழுத்துப் பிடிக்காது. 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும் பிடிப்பு வேண்டுமென்றால் வேருக்குள் ஒரு பிடிமானக் குமிழைப் பொருத்த வேண்டும். அதைச் செய்தால் வேரின்மேல் விழும் சுமையும் கூடும், செலவும் கூடும். வேர் நல்ல பலமாக இருந்தால் செய்யலாம். சுமாரான வேர் என்றால் நான் வெறும் உருண்டையோடு நிறுத்திக்கொள்வேன். உங்கள் இரண்டாவது மருத்துவர் எதைச் செய்யப் போகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி வேரின் பலவீனம். மேலே இருந்த எனாமல் போய்விட்டது, திறந்து கிடப்பது மென்மையான உட்பகுதி. அதன்மேல் நாள் முழுவதும் செட் மூடிக்கொண்டிருக்கிறது. உமிழ்நீர் அங்கே சரியாகப் போய்ச் சேராது, உணவுத் துணுக்கு மட்டும் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். சொத்தைக்கு இதைவிட வசதியான இடம் வாயில் வேறு இல்லை. நரம்பு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டதால் வலியும் தெரியாது. ஒரு நாள் பார்க்கும்போது வேர் உளுத்துப் போயிருக்கும். இதோடு ஈறு நோயும் சேரும். வேர் ஓவர்டென்சர்கள் தோற்றுப்போவதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டும்தான் காரணம், இரண்டுமே தடுக்கக்கூடியவை. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலோ, சாப்பிடும் மாத்திரைகளால் வாய் வறண்டு இருந்தாலோ இந்த ஆபத்து இன்னும் கூடும்.

எப்போது நானே வேரை எடுத்துவிடச் சொல்வேன்? பல் மேலும் கீழுமாக ஆடினால், எக்ஸ்ரேயில் வேரைச் சுற்றி எலும்பு மிகக் கொஞ்சமாகவே மிஞ்சியிருந்தால், சொத்தை ஈறுக்குக் கீழே ஆழமாக இறங்கியிருந்தால், வேர் நெடுக்காக விரிசல் விட்டிருந்தால். இந்த நான்கில் எது இருந்தாலும் காப்பாற்றப் பார்ப்பது எலும்பை இழப்பதற்கே வழி. சீழ் பிடித்த வேரை ஆறு மாதம் கூடுதலாக வைத்திருந்தால், பிறகு இம்ப்ளான்ட் வைக்க வேண்டிய இடத்தையும் அது தின்றுவிடும்.

சரி, இம்ப்ளான்ட் பக்கம் வருவோம். டைட்டானியம் எலும்போடு நேரடியாகப் பிணைந்துவிடும் என்பதை ஸ்வீடனைச் சேர்ந்த பிரோனெமார்க் 1950-களில் கவனித்தார். 1965-ல் முதல் நோயாளிக்கு அந்த முறையில் இம்ப்ளான்ட் வைத்தார். 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், கீழ்த்தாடையில் ஒரு பல்கூட இல்லாதவர்களுக்கு முதலில் பரிந்துரைக்க வேண்டியது சாதாரண முழுச் செட் அல்ல, இரண்டு இம்ப்ளான்ட்களின்மேல் மாட்டும் ஓவர்டென்சர்தான் என்று அறிக்கை கொடுத்தார்கள். 2009-ல் இங்கிலாந்தின் யார்க் நகரில் வெளியான அறிக்கையும் கிட்டத்தட்ட அதையே சொன்னது. உங்கள் முதல் மருத்துவர் சொன்னது இதன் வழி வந்த யோசனைதான், வியாபாரப் பேச்சு அல்ல. கீழ்த்தாடையின் முன்பகுதி எலும்பு கெட்டியானது. இரண்டு பக்கமும் நரம்பு வெளியே வரும் துளைகளுக்கு முன்னால், ஏறக்குறைய கோரைப்பல் இருக்கும் இடத்தில் வைப்பதால் நரம்பு அடிபடும் ஆபத்தும் குறைவு. இந்த இடத்தில் வைத்த இம்ப்ளான்ட்கள் பத்து வருடம் கழித்தும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் குறையாமல் நிலைத்திருப்பதாகவே பெரும்பாலான நீண்டகால ஆய்வுகள் சொல்கின்றன. மேல்தாடைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே எலும்பு மென்மையானது, பொதுவாகக் குறைந்தது 4 இம்ப்ளான்ட்கள் வேண்டும்.

வயது இதற்குத் தடை இல்லை. 71 எங்களுக்கு வழக்கமான வயதுதான். நான் பார்ப்பது வேறு சிலவற்றை. சர்க்கரை எந்த அளவில் நிற்கிறது, புகைப்பழக்கம் உண்டா, ஏற்கெனவே ஈறு நோயால் பற்கள் விழுந்தவரா, தலை கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்தவரா, எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ பிஸ்பாஸ்போனேட், டெனோசுமாப் போன்ற மருந்துகள் எடுக்கிறாரா. கடைசியாகச் சொன்ன மருந்துகள் விஷயத்தில் பல் பிடுங்குவதுகூட யோசித்துச் செய்ய வேண்டிய காரியம், ஏனென்றால் தாடை எலும்பு ஆறாமல் அழுகிப்போகும் ஆபத்து உண்டு. 'எலும்புக்கு வருடத்துக்கு ஒரு ஊசி' என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள், பல் மருத்துவரிடம் மட்டும் சொல்ல மாட்டார்கள். மருந்துச் சீட்டை முழுதாக எடுத்துக்கொண்டு போங்கள். சர்க்கரை நன்றாகக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு இம்ப்ளான்ட் கிட்டத்தட்ட மற்றவர்களுக்குப் போலவே நிற்கிறது. கட்டுப்பாட்டில் இல்லையென்றால் புண் ஆறுவது தாமதமாகும், பின்னால் கிருமித் தொற்றும் எளிதாக வரும். அவசரமே இல்லாத சிகிச்சை இது. முதலில் சர்க்கரையைச் சரி செய்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவதுதான் நல்ல மருத்துவர் செய்வது.

இம்ப்ளான்ட் எலும்போடு சேர கீழ்த்தாடையில் பொதுவாக இரண்டு மூன்று மாதம் விடுவோம். சிலருக்கு உடனே செட்டை மாட்டிவிடுவதும் உண்டு. அது வைக்கும்போதே எவ்வளவு இறுக்கம் கிடைத்தது என்பதைப் பொறுத்தது, முன்கூட்டியே வாக்குக் கொடுக்க முடியாது.

செட்டையும் இம்ப்ளான்டையும் இணைக்கும் பகுதிதான் தினசரி வாழ்க்கையில் உங்களுக்கு அதிகம் தெரியப் போகிறது. சட்டையில் வரும் பிரஸ் பட்டன்போலத்தான் வேலை செய்யும். ஒரு பாதி வாயில், மறுபாதி செட்டின் அடியில். உருண்டைத் தலை கொண்டது ஒரு வகை. லொக்கேட்டர் என்ற பெயரில் பரவலாகக் கிடைக்கும் குட்டையான தலை இன்னொரு வகை. இரண்டு இம்ப்ளான்டையும் ஒரு உலோகக் கம்பியால் இணைத்து அதன்மேல் கிளிப் மாட்டுவது மூன்றாவது. காந்தம் வைப்பதும் உண்டு. எது சிறந்தது என்று கேட்டால், நோயாளியின் திருப்தியிலும் இம்ப்ளான்டின் ஆயுளிலும் இவற்றுக்கிடையே பெரிய வித்தியாசம் இல்லை. கம்பி உறுதியாகப் பிடிக்கும், ஆனால் அதன் அடியில் சுத்தம் செய்வது கடினம், அதிக உயரமும் தேவை. காந்தம் மாட்டவும் கழற்றவும் எளிது, கைநடுக்கம் உள்ளவர்களுக்கு ஏற்றது, ஆனால் பிடிப்புக் குறைவு. வீட்டிலேயே சுத்தம் செய்துகொள்ள வேண்டிய ஒரு 71 வயதுக்காரருக்கு நான் தனித்தனிக் குமிழ்களைத்தான் விரும்புவேன். காந்த வகை வைத்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது கட்டாயம் சொல்ல வேண்டும். செட்டைக் கழற்றிவிட்டாலும் வாய்க்குள் இருக்கும் உலோகப் பாதி படத்தைக் கெடுக்கும். டைட்டானியம் இம்ப்ளான்ட் காந்தத்தால் ஈர்க்கப்படாது.

எத்தனை வருடம் வரும் என்பதற்கு ஒரே எண்ணைச் சொல்பவரை நம்பாதீர்கள். இம்ப்ளான்ட் பல்லாண்டுகள் வரும். மேலே உள்ள செட் சில வருடங்கள் வரும், பற்கள் தேய்ந்து, நிறம் மாறி, ஒரு கட்டத்தில் மாற்ற வேண்டியிருக்கும். செட்டின் அடியில் இருந்து குமிழைப் பிடிக்கும் நைலான் வளையம் மாதக்கணக்கில் தேயும். பலருக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டிவரும், சிலருக்கு அதற்கு முன்பே. மாற்றுவது சில நிமிட வேலை. லொக்கேட்டரில் நிறத்தை வைத்தே பிடிப்பைத் தேர்ந்தெடுக்கலாம். நிறமற்றது மிக இறுக்கம், இளஞ்சிவப்பு நடுத்தரம், நீலம் லேசானது. அப்பாவின் விரலுக்கு வலு இல்லையென்றால் நீலத்தில் தொடங்கச் சொல்லுங்கள். கழற்ற முடியாத செட்டை யாரும் கழுவ மாட்டார்கள்.

இதில் அதிகம் பேசப்படாதது செட்டின் பின்பகுதி. இரண்டு இம்ப்ளான்டும் முன்னால் இருக்கின்றன. கடைவாய்ப் பக்கம் செட் ஈறின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, அங்கே எலும்பு வழக்கம்போல் கரைந்துகொண்டுதான் போகும். சில வருடங்களில் அங்கே இடைவெளி விழுந்து, ஒவ்வொரு முறை மெல்லும்போதும் செட் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் எழும்பும். நைலான் அடிக்கடி தேய்கிறது, செட் நடுவில் உடைகிறது என்று வருபவர்களில் பலருக்குக் கோளாறு இங்கேதான். செட்டின் அடிப்பகுதியை ஈறுக்கு ஏற்பப் புதிதாக நிரப்பித் தர வேண்டும், ரீலைன் என்று சொல்வோம். வளையத்தை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பது வீண். குமிழுக்கு மேல் அக்ரிலிக், அதாவது செட்டின் பிளாஸ்டிக், மெல்லியதாக இருப்பதால் சரியாக அந்த இடத்தில்தான் விரிசலும் விடும். செட் செய்யும்போதே உள்ளே உலோக வலை வைக்கச் சொல்லிவிடுவது நல்லது.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் இருக்கின்றன. இம்ப்ளான்ட் ஓவர்டென்சர் போட்டவர்கள் நன்றாக மெல்லுகிறார்கள், திருப்தியாக இருக்கிறார்கள் என்பது நிரூபணமானது. அதனால் அவர்களின் ஊட்டச்சத்து மேம்படுகிறதா என்பதில் ஆய்வுகள் ஒன்றுபோல் பேசவில்லை. பல காலம் மென்மையாகவே சாப்பிட்டுப் பழகியவர் பல் வந்ததும் பழக்கத்தை மாற்றிவிடுவதில்லை. கீழே உறுதியான செட் வந்த பிறகு மேல்தாடையின் முன் எலும்பு வேகமாகக் கரையுமா என்பதும் முடிவாகாத கேள்விதான், அதனால் மேல் செட்டையும் வருடா வருடம் பார்க்கச் சொல்வேன். நடுவில் ஒரே ஒரு இம்ப்ளான்ட் வைத்துச் செய்வதும், 3 மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள மினி இம்ப்ளான்ட்களும் சிலருக்கு நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் இரண்டு வழக்கமான இம்ப்ளான்ட்களுக்கு இருக்கும் அளவுக்கு நீண்டகால அனுபவம் இவற்றுக்கு இல்லை.

அப்புறம் பராமரிப்பு. செட்டைச் சுத்தம் செய்வதில் எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். செட்டைக் கழற்றிய பிறகு வாய்க்குள் நிற்கும் இரண்டு குமிழையும் தொடுவதே இல்லை. நான் சொல்வது தலைகீழ் வரிசை, முதலில் குமிழ், பிறகு செட். மென்மையான சிறு பிரஷ்ஷால் ஒவ்வொரு குமிழையும் சுற்றி, ஈறும் குமிழும் சேரும் விளிம்பில், நாக்குப் பக்கத்தையும் விடாமல் தேய்க்க வேண்டும். நாக்குப் பக்கம்தான் எப்போதும் விடுபடும். கம்பி வகை என்றால் அதன் அடியில் நுழைக்கப் பஞ்சுபோன்ற தடித்த நூலோ பல்லிடுக்கு பிரஷ்ஷோ வேண்டும். லொக்கேட்டர் தலையின் நடுவில் ஒரு சிறு குழி இருக்கும். அதில் உணவு இறுகிவிட்டால் செட் முழுதாக உட்காராது, 'டக்' சத்தம் வராது. பிடிப்புப் போய்விட்டது என்று ஓடி வருபவர்களில் சிலருக்கு அந்தக் குழியைச் சுத்தம் செய்வதோடு வேலை முடிந்துவிடும். இம்ப்ளான்டுக்குச் சொத்தை வராது, ஆனால் அழுக்குப் படலம் சேர்ந்தால் சுற்றியுள்ள ஈறு வீங்கும், கவனிக்காவிட்டால் எலும்பு கரையும். ஈறு வீக்கத்தோடு பிடித்தால் திரும்பச் சரியாகிவிடும். எலும்பு கரைந்த பிறகு அதை மீட்பது கடினம்.

வேரை வைத்த செட் என்றால் இதோடு ஃபுளோரைடு சேரும். மருத்துவர் எழுதிக்கொடுக்கும் அதிக ஃபுளோரைடு பேஸ்ட், 5000 பி.பி.எம். அளவில் கிடைப்பது, இதற்கு ஏற்றது. வேர்களைத் துலக்கிய பிறகு, செட்டின் அடியில் வேர் உட்காரும் குழியில் அதில் ஒரு துளி வைத்து மாட்டினால் மருந்து வேரோடு ஒட்டி நிற்கும். மற்ற ஏற்பாடு எல்லாம் சரியாக இருந்தும் இந்த ஒரு பழக்கம் இல்லாததால் வேர் சொத்தையாவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

செட்டைக் கழுவுவதற்குப் பற்பசை வேண்டாம். அதில் உள்ள உராய்பொருள் அக்ரிலிக்கில் கண்ணுக்குத் தெரியாத கீறல் போடும், கீறலில் கிருமி தங்கும். பாத்திரம் கழுவும் திரவமோ வாசனை குறைந்த சோப்போ, செட்டுக்கென்று தனி பிரஷ், சாதாரண நீர், இவை போதும். வெந்நீர் பட்டால் அக்ரிலிக் வளையும், கொதிநீர் கூடவே கூடாது. உள்ளே உலோகம் இருப்பதால் ப்ளீச் கரைசலைத் தொடாதீர்கள், மைக்ரோவேவில் வைக்கும் யோசனை இணையத்தில் வந்தால் அதையும். ஊறவைக்கும் மாத்திரை பயன்படுத்தலாம், ஆனால் வாய்க்கு வெளியே மட்டும், நன்றாக அலசிவிட்டு மாட்ட வேண்டும். அவற்றில் பலவற்றில் உள்ள பெர்சல்பேட் என்ற வேதிப்பொருள் சிலருக்கு ஒவ்வாமை தரும். மாத்திரையில் ஊறவைத்தால் தேய்க்க வேண்டாம் என்று நினைப்பது தவறு, அழுக்குப் படலம் பிரஷ் பட்டால்தான் போகும். கழுவும்போது கீழே தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தையோ மடித்த துண்டையோ வையுங்கள். செட் உடைவது பெரும்பாலும் கடிக்கும்போது அல்ல, கை நழுவி விழும்போதுதான்.

இரவில் கழற்ற வேண்டுமா? ஆமாம். பலருக்கு இது பிடிக்காத பதில், குறிப்பாக வீட்டில் மற்றவர் முன்னால் பல் இல்லாமல் இருக்கக் கூச்சப்படுபவர்களுக்கு. ஈறுக்கு ஓய்வு வேண்டும், உமிழ்நீர் படவேண்டும். இரவும் பகலும் போட்டிருப்பவர்களுக்குச் செட்டின் அடியில் கேண்டிடா என்ற பூஞ்சை வளர்ந்து ஈறு சிவந்து போவது மிகச் சாதாரணம், சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் எளிதாக வரும். 85 வயதைத் தாண்டிய 524 பேரை வைத்து ஜப்பானில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், செட்டோடு தூங்குபவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. செட்தான் நேரடிக் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை, ஆனால் கழற்றி வைப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லையே. கழற்றியதைத் தண்ணீரில் போட்டு வையுங்கள், காய்ந்தால் வடிவம் மாறும்.

மாட்டும்போது விரலால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். வாயில் வைத்துக் கடித்து உட்காரவைக்கும் பழக்கம் குமிழையும் நைலானையும் ஒரே வருடத்தில் பாழாக்கும். கழற்றும்போதும் ஒரு பக்கமாக நெம்பாமல், இரண்டு கட்டைவிரல் நகங்களையும் விளிம்புக்கு அடியில் கொடுத்து நேராக மேலே தூக்க வேண்டும். ஒட்டுப் பசை இந்த வகைச் செட்டுக்குத் தேவைப்படக் கூடாது. தேவைப்படுகிறது என்றால் செட்டைச் சரி செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டுவது நல்லது, குறைந்தது வருடத்துக்கு ஒரு முறை எக்ஸ்ரேயோடு. அதற்கிடையில் குமிழைச் சுற்றி ரத்தமோ சீழோ வந்தால், இம்ப்ளான்ட் கையால் தொட்டு அசையும் அளவுக்கு ஆடினால், செட்டைக் கழற்றி வைத்துவிட்டு உடனே போங்கள். செட் உரசி வந்த புண், உரசும் இடத்தைச் சீவிவிட்டால் சில நாளில் ஆறிவிடும். இரண்டு வாரம் ஆகியும் ஆறாத எந்தப் புண்ணையும் செட்டின் மேல் பழி போட்டுக் காத்திருக்காதீர்கள், வாய்ப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

என் சாய்வு எந்தப் பக்கம் என்று கேட்பீர்கள். வேர்கள் மேலே சொன்ன நான்கு கோளாறும் இல்லாமல் உறுதியாக இருந்தால், நான் அவற்றை வைத்துத் தொடங்குவேன். அறுவைச் சிகிச்சை இல்லை, எலும்பு நிற்கிறது, நாளைக்கு ஒரு வேர் போனாலும் அந்த இடத்தில் இம்ப்ளான்ட் வைக்கும் வழி திறந்தே இருக்கிறது. எடுத்த பல்லைத் திரும்ப வைக்க முடியாது. ஆனால் அப்பா பல் துலக்குவதிலேயே அலட்சியமானவர், கூட இருந்து பார்த்துக்கொள்ளவும் ஆள் இல்லை, சர்க்கரை மட்டும் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்றால், சொத்தை வராத இம்ப்ளான்ட்தான் அவருக்குப் பொருத்தம். பத்து வருடம் கழித்துக் கை நடுங்கினாலோ ஞாபக மறதி வந்தாலோ என்ன செய்வது என்பதையும் இப்போதே கேளுங்கள். பிடிப்பைக் குறைக்கலாம், தேவைப்பட்டால் குமிழைக் கழற்றி ஈறு மட்டத்தில் ஒரு மூடியைப் போட்டுவிடலாம். திருகிக் கழற்ற முடியாத ஒற்றைத்துண்டு இம்ப்ளான்டில் இந்த வசதி கிடையாது.

இன்னொரு விஷயம், இரண்டு மருத்துவரிடமும் போகும்போது அப்பா மேல் செட்டைப் போட்டுக்கொண்டே போகட்டும். அதன் பற்கள் தேய்ந்திருந்தாலோ கடி இறங்கியிருந்தாலோ, அதற்கு எதிராகச் செய்யும் புதுக் கீழ் செட்டும் அதே தவறான கடியைத்தான் பிடித்துக்கொள்ளும். அப்படி இருந்தால் மேலும் கீழும் சேர்த்துப் புதிதாகச் செய்ய வேண்டிவரும், அதை இப்போதே தெரிந்துகொண்டு செலவைக் கணக்குப் போடுங்கள்.